ஆறு மணிக்கு விட்டுப்போகும் கோப்பு

நாற்பத்திரண்டு கோப்புகளில் நாற்பத்தொன்றுதான் நகலாகியிருந்தது. நிமி பட்டியலை மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான். விட்டுப்போனது எப்போதும் ஒரே கோப்பு: ஆனைக்கரைப் பங்கின் ஞானஸ்நானப் பெயர்கள் மொத்தமும் இருக்கும் கோப்பு.

ஆறு மாதமாக அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்தவள் அவள். உபதேசியார் ஏசுதாஸ் மலைமேல் உள்ள கிளைக்கோயிலுக்கும் கொண்டுபோவார் என்பதால், எந்தக் கணினியிலும் நிறுவாமலே ஓடுகிற மென்பொருளாகப் பார்த்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். தினமும் மாலை ஆறுக்கு பங்கு அலுவலகக் கணினி அதிலுள்ள கோப்புகளைத் தானாக நகலெடுக்க வேண்டும். மூன்று வாரமாக அந்த ஒரு கோப்பை மட்டும் எடுக்கவில்லை.

பென்டிரைவை மாற்றினாள். வேறு துளையில் செருகினாள். வைரஸ் தேடினாள். மதியம் தானே உட்கார்ந்து ஓட்டினால் நாற்பத்திரண்டும் சமர்த்தாக வந்தன. ஆறு மணிக்கு மட்டும் ஒன்று குறைந்தது. அப்படியானால் கோளாறு இயந்திரத்தில் இல்லை, யாரோ கை வைக்கிறார்கள்.

ஐந்தரைக்கு உபதேசியார் கிளம்பிய பிறகு அங்கே வருவது ஒரே ஆள், இளைஞர் குழுவின் நோட்டீஸ் அச்சடிக்க வரும் ரிஞ்சு. அவன் வரத் தொடங்கியும் மூன்று வாரம்தான். இந்தத் தட்டச்சு வேலையை அவளுக்கு முன்னால் கேட்டவனும் அவன். நிமி நேராக ஃபாதரிடம் போய்ச் சொன்னாள். அன்றே அவனிடமிருந்து சாவி வாங்கப்பட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் குழுவைக் கூட்டி, எல்லார் முன்னாலும் விசாரிப்பதாக ஃபாதர் சொல்லிவிட்டார்.

ரிஞ்சு வராத அந்த மாலையும் நாற்பத்தொன்றுதான்.

மறுநாள் நான்கு மணிக்கே போய் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சந்தேகம் இப்போது உபதேசியார் பக்கம் திரும்பியிருந்தது. இவருக்கு இதில் என்ன வரப்போகிறது? அவர் ஒரு சான்றிதழுக்குப் பெயர் தேடி எழுதினார். ஐந்தரை ஆனதும் மவுசை மெல்ல நகர்த்தி, மேல் ஓரத்தில் இருந்த சின்னக் கோட்டை அமுக்கினார். மென்பொருளின் முகப்பிலிருந்த அந்தோணியார் படம் கீழே இறங்கி மறைந்தது. சிலுவை போட்டுக்கொண்டு திரையை மட்டும் அணைத்தார்.

மென்பொருளை மூடாமல் போகிறீர்களே என்று நிமி கேட்டதற்கு அவர் முகம் சுருங்கியது.

"மூடணும்னா அந்தப் பெருக்கல் குறிய அமுக்கணும். புனிதர் தலைக்கு மேல பெருக்கல் போட்டு அடிக்கச் சொல்றியா தாயி? நான் கீழ எறக்கித்தான் வைப்பேன்."

மூன்று வாரம் முன்பு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்தப் படத்தை முகப்பில் போட்டவளே நிமிதான். திறந்தே கிடக்கும் கோப்பை எடுக்க முடியாமல் கணினி ஒவ்வொரு மாலையும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அவளே மென்பொருளை மூடிவிட்டுக் காத்திருந்தாள். ஆறு மணிக்கு நாற்பத்திரண்டும் வந்தன.

ரிஞ்சு வீட்டில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். நிமி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் தலை தூக்கவில்லை.

"ஃபாதர்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. மொத ஒன்கிட்ட சொல்லலாம்னு..."

"எம்மேல பழியப் போட மட்டும் மொத அங்க போனியாக்கும்."

அவள் இறங்கி நடந்தாள். தூறலில் நனைந்துகொண்டே போய் ஃபாதரின் கதவைத் தட்டினாள். அவர் திறந்ததும், உட்காரக்கூட இல்லை.

"ரிஞ்சு கை வைக்கல, ஃபாதர். தப்பு எம்மேலதான். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."