குலவைக்கு ஒரு லெவல்

மூத்த மகள் மாடத்தியின் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடம் வந்தாலே முப்பிடாதியம்மாளுக்கு ரத்தம் கொதிக்கும். அந்த நேரம் பார்த்து டி.வி.யில் சத்தம் கரகரவென்று உடையும், கிரைண்டருக்குள் கூழாங்கல் விழுந்த மாதிரி. ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டு, "அந்த மைக்செட்டுக்காரி மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்பாள்.

அந்த மைக்செட்டுக்காரி முத்துசெல்வியைத்தான் அவள் மகன் பாண்டியராஜ் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான்.

அவன் கேமரா, அவள் மிக்ஸர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் எந்தக் கல்யாணம் என்றாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். ஆனியில் அவன் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அம்மா யோசித்து ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒன் தங்கச்சிக்குத் தாலி கெட்டுத நேரம் சத்தம் சுத்தமாக் கேக்கட்டும். பொறவு பேசலாம். கேக்கலன்னா அந்தப் பிள்ளைய மறந்துரு."

ஆவணி முதல் முகூர்த்தத்தில் தங்கைக்குக் கல்யாணம். இலஞ்சியில், கோயிலை ஒட்டிய மண்டபம். குற்றாலத்துப் பக்கமிருந்து சாரல் வந்து வாசல் பந்தலை நனைத்துக்கொண்டிருந்தது. விடிந்ததும் முத்துசெல்வி மணவறையில் ஐயருக்கு மைக் வைத்து, மிக்ஸரிலிருந்து சத்தத்தைக் கேமராவுக்கு அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டரை மாட்டினாள். எதிரே பாண்டியராஜ், சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோவைக் கேமராவில் அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

"பழைய ரெக்கார்டிங்க நேத்து மறுபடி கேட்டேன் பாண்டி" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "ஒடஞ்சது மேளம் இல்ல."

"பின்ன?"

"ஒங்க அம்மா. ஐயர் மைக்குக்குப் பக்கத்துல நின்னு குலவை போட்டிருக்காங்க. நான் மேளத்துக்குத்தான் லெவல் வச்சிருந்தேன்."

பாண்டியராஜ் கேமராவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்கம்மா குலவை போட்டா ஐந்தருவியில குளிக்கிறவன் திரும்பிப் பாப்பான்லா! சரி, இன்னைக்கு எட்டப் போய் நிக்கச் சொல்லுதேன்."

"மக கல்யாணத்துல அவங்கள எட்டப் போகச் சொல்லுவியா? நல்ல பிள்ளதான் நீ. இதுல பழைய வீடியோவக் கெடுத்தது நீங்கதான்னு வேற அவங்ககிட்டச் சொல்லிப் பாரு. எனக்கு இந்த ஜென்மத்துல ஒங்க வீடு கிடையாது."

மாடத்தி கல்யாணத்தன்று தான் செய்த தப்பு முத்துசெல்விக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. சத்தம் உடைவதைப் பார்த்துக் கேமராவில் குறைக்கச் சொல்லியிருந்தாள். ஆனால் அது டிரான்ஸ்மிட்டருக்குள் நுழையும்போதே உடைந்திருந்தது. உடைந்தபின் குறைத்தால் உடைந்த சத்தம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். நுழையும் இடத்திலேயே அடக்க வேண்டும். ஒரேயடியாக அடக்கினாலோ ஐயரின் மந்திரம் இரைச்சலுக்குள் முங்கிவிடும். அதனால் வரப்போகிற குலவை எவ்வளவு பெரிய சத்தம் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அவளே ஒரு குலவை போட்டுப் பார்த்தாள். கோழிக்கு விக்கல் எடுத்தது போலிருந்தது. பாண்டியராஜ் காதைத் தட்டிக் காட்டி, உதட்டைப் பிதுக்கினான்.

வேறு வழியில்லாமல், தாம்பூலத் தட்டோடு வந்த முப்பிடாதியம்மாளிடமே போனாள்.

"ம்மா, ஒரு தடவ குலவை போட்டுக் காட்டுங்களேன். மைக் டெஸ்டுக்கு."

"டெஸ்டுக்கா? குலவைன்னா என்ன ஹலோ ஹலோன்னு நெனச்சியாட்டி? நல்ல காரியம் கண்ணு முன்னால நடக்கணும். அப்பத்தான் அது தன்னால வரும். போ, போய் வயரச் சுத்து."

முத்துசெல்வி வயரைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே வாசலைப் பார்த்தபோது, சாரலில் நனைந்தபடி ஒரு சின்னக் கூட்டம் உள்ளே வந்தது. சுந்தரபாண்டியபுரத்துப் பையன், கேரளத்துப் பக்கத்துப் பெண், அவனுடைய அம்மா, சிநேகிதர்கள் சிலர். அன்றைக்கே, தங்கையின் தாலிகட்டுக்கு முந்தைய நேரத்துக்கு அதே மணவறையைக் கேட்டிருந்தார்கள். பெண் வீட்டிலிருந்து யாருமில்லை. பையனின் அம்மா ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கும் மைக் இருக்கட்டும்ணே, காசெல்லாம் வேண்டாம்" என்று பையனிடம் சொல்லிவிட்டு, முத்துசெல்வி சமையல் கட்டுக்கு ஓடினாள்.

"ம்மா, அங்கன ஒரு பிள்ளைக்குத் தாலி கெட்டப் போறாங்க. அவ வீட்டுல யாருமே வரல. குலவை போடக்கூட ஆள் இல்ல."

"ஆளில்லாமலா?" முப்பிடாதியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தபடியே நடந்தாள். "சவத்துப் பயலுவ, பெத்த பிள்ளைக்கு வந்து நிக்க மாட்டானுவளாம்!"

அவள் மணவறைக்குப் போய், ஐயர் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றாள். பையன் தாலியை எடுத்தான். மேளம் கொட்டியது. அதற்கு மேலே எழுந்தது குலவை.

டிரான்ஸ்மிட்டரில் சத்தம் உடைவதைக் காட்டும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. முத்துசெல்வி அதன் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தாள். இரண்டாவது குலவைக்குச் சிவப்பு கண்சிமிட்டியது. இன்னும் குறைத்தாள். மூன்றாவதற்குப் பச்சையோடு நின்றது. எதிரே பாண்டியராஜ், கேமராவில் ஐயர் குரல் கேட்கும் அளவுக்குக் கொஞ்சம் கூட்டிவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினான்.

மணவறையில் அந்தப் பெண் முப்பிடாதியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

"அழாத தாயி, மை கலைஞ்சிரும். இருந்து சாப்ட்டுட்டுத்தான் போகணும், கேட்டியா?"

முத்துசெல்வி டிரான்ஸ்மிட்டரை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு திருகை மேலும் ஒரு பிடி குறைத்தாள்.

பாண்டியராஜ் ஓடி வந்தான். "ஏட்டி, சரியாத்தான இருந்துச்சு?"

"இது ஊரான் பிள்ளைக்குப் போட்டது. சொந்த மகளுக்குக் கூடும்லா? எடம் விட்டு வைக்கணும்."

கூடத்தான் செய்தது. தங்கையின் கழுத்தில் தாலி ஏறியபோது முப்பிடாதியம்மாள் கண்ணீரும் சிரிப்புமாகக் கழுத்தை நிமிர்த்திப் போட்ட குலவைக்கு நாயனக்காரரே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். கேமராத் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு ஏறியது, மஞ்சளானது, இன்னும் ஏறியது. சிவப்பைத் தொடாமல் நின்று, இறங்கியது. முத்துசெல்வி மிக்ஸர் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டாள்.

பந்தி முடிந்ததும் முப்பிடாதியம்மாள் வந்து கையை நீட்டினாள். "எங்க, அதக் குடு."

ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். மந்திரம், மேளம், பிறகு குலவை. அவள் அசையாமல் கேட்டாள்.

"இது நானா?"

"நீதான்ம்மா" என்றான் மகன்.

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் புருவம் சுருங்கியது. "அப்ப மூத்தவ வீடியோவுல கரகரன்னு கேட்டது?"

பாண்டியராஜ் லென்ஸை மும்முரமாகத் துடைத்தான்.

"லெவல் தப்பா வச்சது நாந்தான்ம்மா" என்றாள் முத்துசெல்வி. "நீங்க போட்ட குலவையில ஒரு குத்தமும் இல்ல."

முப்பிடாதியம்மாள் அவளை முறைத்தாள். பிறகு ஹெட்போன் கழுத்துக்கு வழுக்கி விழும்வரை சிரித்தாள். "இத்தன வருசமா என்னையவே திட்டிக்கிட்டுக் கெடந்திருக்கேன்! ஏலே, நீயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். அப்பமே தெரிஞ்சு சொல்லியிருந்தா நீ சோறு போட்டிருப்பியா?"

"தையில நாள் பாக்கச் சொல்லுதேன்" என்றாள் அவள், வெற்றிலையை மடித்தபடி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னட்டி முழிக்க? நீ மணவறையில உக்காந்திருப்ப, இவன் தாலி கெட்டுவான். லெவல் யாரு வைப்பா? நான் குலவை போடணும்லா?"

"ஆலங்குளத்து ஜெபசிங்கக் கூப்பிடலாம்" என்றான் பாண்டியராஜ்.

"ஜெபசிங்கா? அவன் எல்லாத்தையும் ஆட்டோவுல போட்டுட்டுப் பந்திக்குப் போயிருவான்" என்று முத்துசெல்வி உடனே மறித்தாள். "மிக்ஸர மணவறைக்குள்ளயே வச்சிருங்க. நானே பாத்துக்கிடுதேன்."

"மாலையும் கழுத்துமா அதத் திருகிக்கிட்டு இருப்பியாக்கும்?"

"ஒங்க பிள்ள ஒரு கையத்தான பிடிச்சிருப்பாரு, இன்னொரு கை சும்மாத்தான இருக்கும் அத்தை?"