வீட்டிலேயே ஒருத்தி

இத்தனை வருஷம் நான் எழுதியதெல்லாம் கிறுக்கல், இன்று மட்டும் எழுத்தாகிவிட்டதா என்று நினைத்தபடி மருமகள் வெங்காயம் நறுக்கினாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான மாமியாருக்குத் தன் வாழ்க்கை புத்தகமாக வர வேண்டும். தேடிப்பிடித்த எழுத்தாளர்கள் இருவரும், அவர் சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி திருத்தியதில் ஓடிப்போனார்கள்.

"வெளிய எதுக்கும்மா தேடணும்? வீட்லயே ஒருத்தி சும்மாதானே இருக்கா" என்றான் கணவன்.

"மருமகளை மகளா பாத்துக்கிட்டேன்ல, அதுலேருந்து ஆரம்பி" என்றார் மாமியார். "நடந்ததைத்தான் எழுதணும். கற்பனையெல்லாம் கலக்கக்கூடாது."

அவளுடைய முதல் கதை வந்த பத்திரிகையைக் கிழித்து எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்தவர் இவர். டப்பாவைத் தூக்கித் துடைக்கும்போதெல்லாம், எண்ணெயில் ஊறிய தன் பெயரை அவள் படித்திருக்கிறாள்.

"நடந்ததை எழுதினா உங்களுக்குப் பிடிக்காது அத்தை" என்றாள் மெதுவாக. "வேற ஆளைப் பாத்துக்கோங்க."