ஒன்றரை மடங்கு

பள்ளியின் பொறியியல் வரைபட டீச்சர் கடைக்கு வந்தது நகல் எடுக்க அல்ல. பள்ளி விட்டுப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு நிற்கிற நேரம். அந்தக் கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு வந்து, ஜெராக்ஸ் மெஷினின் மூடி மேல் இரண்டு தாள்களை விரித்து வைத்தார். ஒன்று போன வருடத்து வினாத்தாள். மற்றது ஜெராக்ஸ் அக்காவின் மகள் வரைந்த விடை. 'ஜெராக்ஸ் அக்கா' பிள்ளைகள் வைத்த பெயர். அது ஒட்டிக்கொண்டு, அவளைவிட மூத்தவரான டீச்சருக்கும் அவள் அக்காதான்.

"படத்துல இருக்கிற அளவுக்கே வரையணும்னு கேள்வி. உங்க பொண்ணு வரைஞ்சதைப் பாருங்க."

துளை போட்ட ஒரு இரும்புக் கட்டை. வினாத்தாளில் இருந்ததைவிட மகளின் கட்டைதான் பார்க்க லட்சணமாக இருந்தது. "நல்லாத்தானே டீச்சர் இருக்கு?"

"இருக்கு. ஆனா எல்லாமே சரியா ஒன்றரை மடங்கு. ஒரு அளவு தப்புன்னா கவனக்குறைவுன்னு விட்டுருவேன். எல்லாம் ஒரே மாதிரி பெரிசுன்னா? இங்க பெரிசு பண்ணி, அதை அடியில வச்சு கோட்டை இழுக்கிறாளோன்னு..."

"என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லை" என்றாள் அக்கா. குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. பரீட்சைக்கு நாள் நெருங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார்.

கோபம் கொஞ்ச நேரம் கைகளில் இருந்தது. மூடியைப் படார் படாரென்று அடித்தாள். அப்புறம் மெல்ல யோசனை வந்தது. டீச்சர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பழைய வினாத்தாள்களைப் பெரிதாக்கிக் கொடுத்தது அவள்தான். பள்ளி திறந்த புதிதில், "கொஞ்சம் பெரிசா எடுத்துக் குடும்மா, கோடு நல்லா விழும்" என்றாள் மகள். பிறகு ஒன்றரை மடங்கு. போன வாரம் இரண்டு மடங்கு, ஒரு தாளுக்கு ஒரே ஒரு படம். "அடுத்தது என்னடி, செவுத்துல ஒட்டற போஸ்டரா?" என்று இவள்கூடக் கேலி செய்தாள். அந்த ஒன்றரை மடங்கு நகலில் ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறாள், அதுதான் விஷயம். ஆனால் அசல் வினாத்தாள் வீட்டு மேசையிலேயே கிடக்கிறதே. ஒரு மதிப்பெண் குறைந்தாலே இரண்டு வேளை சாப்பிடாத பெண், அசலில் ஏன் அளக்கவில்லை?

ஒன்று தோன்றியதும் மற்றதெல்லாம் தானாக வந்து நின்றது. மகள் இப்போதெல்லாம் பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, காதைப் பார்க்கிறாள். வயசுக் கொழுப்பு என்று நினைத்து, "முகத்தைப் பாத்துப் பேசுடி" என்று தலையில் ஒரு தட்டுக்கூடத் தட்டியிருக்கிறாள். இதே மாதிரி காதைப் பார்த்துப் பேசுகிற இன்னொரு ஆளும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அக்காவின் அண்ணன், மகளுக்குத் தாய்மாமன். பதினாறு வயதில் அவர் பார்வையின் நடுப்பகுதி போய், ஓரங்கள் மட்டும் மிஞ்சின. தானாக நடப்பார், பஸ் கம்பெனியில் தொலைபேசி எடுத்து நேரம் சொல்வார், ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது. கண்ணெதிரே இருந்தும் இத்தனை மாதம் தனக்கு உறைக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பக்கத்துக் கடைத் தையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். மகள் ஜன்னலோரம் பலகையில் குனிந்திருந்தாள். தாளைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை சுட்டுவிரல் நகம் தாளின் மேல் மெல்ல ஊர்ந்து, அழுத்தி வரைந்த கோட்டின் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியே போய், காம்பஸ் ஊசி குத்திய துளையில் நின்றது. அந்த நகத்தை ஒட்டிப் பென்சில் முனை வந்து உட்கார்ந்தது. கோடு பிசகாமல் விழுந்தது.

கட்டிலில் இருந்த அண்ணன் தலையைத் திருப்பினார். தங்கையின் மூச்சே அவருக்குப் போதும். எழுந்து வெளியே வந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"நகம் உரசுற சத்தம் கேக்குது இல்ல. நானும் அப்படித்தான் தேடுவேன்."

"சொல்லக்கூடாதா? பாவி!"

"பரீட்சை முடியற வரைக்கும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் என்ன பண்ண?"

மறுநாளே மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அக்கா, வகுப்பில் பிள்ளைகள் செய்வதுபோல் கையைத் தூக்கி, "என் அண்ணனுக்கு" என்றாள். ஏன் கையைத் தூக்கினோம் என்று பிறகு வெட்கமாக இருந்தது. இப்போதைக்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். சான்றிதழ் தருகிறேன், பள்ளியில் காட்டினால் பெரிய அளவில் அச்சடித்த வினாத்தாள் கிடைக்கும் என்றார்.

"வேணாம்" என்றாள் மகள்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டிவிட்டாள். "அந்த சர்டிபிகேட்டைக் காட்டினா இந்தப் பரீட்சை பாஸ். அப்புறம்? வரைபடப் படிப்புக்கு அதுவே முன்னாடி போய் நிக்கும். வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கு இன்னும் தெரியுதும்மா. ஓரமா வச்சுப் பாத்தா தெரியுது."

"பெத்தவ நான் இருக்கேன்ல? நான் வாங்கத்தான் போறேன்" என்று இவள் கத்தினாள். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"எனக்குக் கண்ணு போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அப்பா என் பையைப் பிடுங்கி பரண்ல போட்டாரு. பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. நல்லதுக்குத்தான் பண்ணாரு. ஆனா இருந்த கண்ணை வச்சு எழுதியிருப்பேன்மா. இன்னைக்கும் அதை நினைச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. கண்ணு போனதை நினைச்சு இல்ல."

அவள் சான்றிதழ் வாங்கவில்லை. அது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. கணவன் இருந்திருந்தால் அவன் மேலாவது பழியைப் போடலாம். பயம் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தன் ரத்தத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்ய முடியும்? மெஷின் கண்ணாடியை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்தாள்.

அதற்குப் பிறகு மகள் பெரிய நகல் கேட்கவில்லை. அசலை வைத்துத்தான் பழகினாள். காலையில் வெளிச்சம் வந்ததும் தாயும் மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். முழுக்கோடு என்றால் வெளியே தெரிகிற விளிம்பு, விட்டுவிட்டுப் போகிற புள்ளிக்கோடு என்றால் பொருளுக்குள்ளே மறைந்திருக்கிற விளிம்பு என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். புள்ளிக்கோட்டை முழுக்கோடு என்று எடுத்துக்கொண்டால் உள்ளே போகிற ஓட்டை மேலே தெரிகிற பள்ளமாகிவிடும், மொத்தப் பொருளே வேறாகிவிடும். மகளுக்கு அந்த இடத்தில்தான் தடுமாறியது. பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னாள். மீதி இரண்டுக்கு, "அச்சு மோசம்மா இது. பரீட்சைத் தாள் பளிச்சுனு இருக்கும்" என்றாள். ஆமாம் என்றாள் இவள். ஊரில் உள்ள அச்செல்லாம் தன் கைக்கு வந்து போகிறது, எது மோசம் எது பளிச்சென்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஆமாம் என்றாள்.

பரீட்சையன்று மகள் எல்லோருக்கும் முன்னால் கடைக்கு வந்துவிட்டாள். விரல்களெல்லாம் பென்சில் கரி, நெற்றியிலும் ஒரு தீற்றல். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"எல்லாத்தையும் வரைஞ்சிட்டேம்மா! கடைசிப் படம்தான் மார்க் அதிகம். அதுக்கே பாதி நேரம் போச்சு. ஆனா முடிச்சிட்டேன்."

"முதல்ல தண்ணியைக் குடி."

"அப்புறம் குடிக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் பெரிசா எடுத்துக் குடு. ஒருதடவை பாத்துக்கிறேன்."

அவள் வினாத்தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை இறக்கினாள். பச்சை வெளிச்சம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் வந்தது. தாள் வெளியே வந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். ஒரு கட்டை, அதன் மேல் ஒரு வட்டம், நடுவில் குறுக்காக ஒரு கோடு. அந்தக் கோடு விட்டுவிட்டு, விட்டுவிட்டு, ஓரம் வரை போயிற்று.

"நடுவுல குறுக்க ஒண்ணு போகுதுல்ல" என்றாள் மகள், கையை நீட்டியபடி. "அது முழுக்கோடுதானேம்மா? நான் அப்படித்தான் வச்சு வரைஞ்சேன்."

சாலையின் எதிர்ப்புறத்தில் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வந்து சேர்ந்தார்கள். எல்லோர் கையிலும் அதே தாள். ஒருத்தி காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே விட்டுவிட்டு ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு லாரி போக வழி விட்டு நின்றார்கள். லாரி போய்விட்டது. மகளின் கை இன்னும் நீண்டிருக்க, தாளின் சூடு தாயின் விரல்களில் இருக்க, அவர்கள் சாலையில் இறங்கிக் கடையை நோக்கி வந்தார்கள்.