வீட்டுக்கொரு வோட்டு

நாலு ஊரில் சிதறிக் கிடந்த தமிழ்ச் சங்கங்களை ஒன்றாக்கி, நியூசிலாந்து முழுவதற்கும் ஒரே சங்கம் அமைப்பது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அத்தோடு ஒருமனம் தீர்ந்துபோயிற்று. சங்கத்தின் சட்டவிதிகளான யாப்பை எழுதத் தொடங்கிய அன்றே இரண்டு கட்சி. தலைமையகம் என்றைக்கும் ஒக்லாந்தில்தான் என்று அந்த நகரின் மாசிப் பகுதியில் இருக்கும் கணக்காளர் குணரத்தினத்தின் கட்சி. ஊருக்கு ஊர் சுழல வேண்டும் என்று அதே நகரத்து ஒனிஹங்கா றொபேட்டின் கட்சி. பக்குரங்கா பிளாசா கடைத்தொகுதியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசலால் வெளியேறுவார்கள். பெரிய மனுசர்கள், என்ன செய்வது.

குணரத்தினத்தின் மனைவி ரதிதேவிக்கு இந்தக் கூத்தில் ஒரே ஒரு கவலை. யாப்பின் ஏழாம் பிரிவு: வீட்டுக்கொரு வோட்டு, அதைக் குடும்பத் தலைவர் போடுவார். போன வருச ஒக்லாந்துச் சங்கக் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். தெரியாமல் அவள் கை தூக்க, தலைவர் இரத்தினசிங்கம், "தங்கச்சி, உங்கட வீட்டு வோட்டு விழுந்திட்டுது. ரோல்ஸ் பொரிஞ்சிட்டுதோ எண்டு பாருங்கோ" என்றார். மண்டபமே சிரித்தது. குணரத்தினமும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்தது போகட்டும், அவர் சிரித்ததுதான் அவளுக்குச் சுட்டது. இந்த நாட்டில் பெண்கள் வோட்டுப் போடத் தொடங்கி நூறு வருசம் என்று 1993 முழுக்க ரீவியில் கொண்டாட்டம். சங்கத்தில் அவள் இன்னும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டால் தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். றொபேட்டின் மனைவி டோறினுக்கு ஃபோன் எடுத்தாள். பிறகு கணவருக்குப் புட்டை வைத்தபடி, "இஞ்சாருங்கோ, பெண்சாதிமாருக்கும் வோட்டு இருந்தா உங்கட பக்கம் ரெண்டு மடங்கெல்லோ" என்றாள். ஒனிஹங்காவில் டோறினும் தன் கணவரிடம் அதையே சொன்னாள். இரண்டு பக்கமும் இரட்டித்தால் தராசு இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது கணக்காளருக்கே உறைக்கவில்லை. வெற்றி ஆசை கணக்கைத் தின்றுவிட்டது.

கூட்டம் ஒனிஹங்காவில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. முகவுரைக்குச் சண்டை, கொடிக்குச் சண்டை, தேத்தண்ணி இடைவேளை எப்போது என்பதற்கும் சண்டை. ஏழாம் பிரிவு வந்தது. ஆளுக்கொரு வோட்டு என்று திருத்தும்படி குணரத்தினம் முன்மொழிந்தார். றொபேட் வழிமொழிந்தார். இவன் ஏன் சம்மதிக்கிறான் என்று ஒருவரையொருவர் முழுசிப் பார்த்தார்கள். அதற்குள் பிரிவு நிறைவேறிவிட்டது.

கடைசியாகத் தலைமையகம். ஒக்லாந்து என்போர் கை தூக்கினார்கள். அதில் டோறினின் கையும் இருந்தது. சுழன்றால் றொபேட் மாதாமாதம் வெலிங்டனுக்குக் காரை விடுவார், வீட்டில் புல்லு யார் வெட்டுவது? குணரத்தினத்தின் முகம் மலர்ந்தது. அடுத்து, சுழற்சி என்போர். ரதிதேவி கை தூக்கினாள். ஒக்லாந்துத் தலைமையகம் என்றால் அது அவளுடைய வரவேற்பறை. தேத்தண்ணியும் அவளுடையது.

எண்ணிப் பார்த்தால் சுழற்சிக்கு ஒரு வோட்டுக் கூட. அவளுடைய கையைக் கழித்தால் சமன். சமன் என்றால் தலைவர் தீர்ப்பார், தலைவரோ குணரத்தினத்தின் ஆள்.

இரத்தினசிங்கம் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அண்ணை அந்தப் பக்கம் தூக்கிட்டார். உங்கட வீட்டு வோட்டு..."

"அது அவற்ற. இது என்ர."

தலைவர் குணரத்தினத்தைப் பார்த்தார். ஒரு தலையாட்டல் போதும், தலைமையகம் மாசிக்கு வந்துவிடும். ரதிதேவியும் அவரைத்தான் பார்த்தாள். தூக்கிய கையை இறக்கவில்லை. இந்த மனுசன் இப்பவும் சிரித்தால் இனி இவரோடு கதையே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. கறுத்த முகத்தோடு எழுந்தார். தன் தோல்வியைத் தானே அறிவிப்பது லேசான காரியமா?

"ஏழாம் பிரிவு பாஸாகிட்டுது ஐயா. முன்மொழிஞ்சது நான்தான். அவவின்ர வோட்டையும் எண்ணுங்கோ."

எண்ணினார்கள். யாப்பு நிறைவேறியது. றொபேட்டின் ஆட்கள் கைதட்ட, குணரத்தினம் மனைவியின் பக்கத்தில் வந்து அமர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணியாச்சு. கையை இறக்குமன்."

"கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள் ரதிதேவி.