சூடானால் நிற்கும் வண்டி

1993 சித்திரையில், நர்ஸ் அமிர்தவல்லியின் ஸ்கூட்டர் ராஜபாளையத்தில் தேவஇரக்கத்தின் பட்டறைக்கு மறுபடியும் வந்து நின்றது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டி என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் அதைத் தொடவில்லை. இதற்குமுன் வந்த தடவைகளில் தேவஇரக்கம் முதலில் பிளக்கை மாற்றினார், பிறகு காயிலை, கடைசியில் பொறியைத் தூண்டிவிடும் சி.டி.ஐ. பெட்டியையே மாற்றிவிட்டார். பட்டறையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். வழியில் சூடேறியதும் நின்றுவிடும்.

“நேத்து சுந்தரபாண்டியம் தாண்டி நின்னுட்டு, அண்ணாச்சி. வெயில்ல ஐஸ் அம்புட்டும் உருகி, போலியோ மருந்து வீணாப் போச்சு. கூமாப்பட்டியில புள்ளையத் தூக்கிக்கிட்டுக் காத்திருந்தவுக எல்லாம் திரும்பிப் போயிட்டாக.”

தேவஇரக்கம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். “நீங்க பஸ்ல போங்க நர்சம்மா. நானே இத ஓட்டிப் பாத்துட்டு வாரேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியும் வண்டி நன்றாகவே ஓடியது. இன்று பார்த்து நிற்காமல் போய்விடுமோ என்றுகூடப் பயந்தார். சுந்தரபாண்டியத்துக்கு அப்பால் வயல்வெளியில் இருமி இருமி அணைந்தது. பிளக்கைக் கழற்றி என்ஜின்மேல் வைத்து கிக்கரை உதைத்தார். பொறி இல்லை. மீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். எப்போது பொறி விழவேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் பிக்கப் காயிலில் முள் அசையவே இல்லை. வாய்க்கால் தண்ணீரில் துணியை நனைத்து, காயில் இருக்கும் இடத்து மூடிமேல் போட்டார். கொஞ்ச நேரத்தில் முள் எழும்பியது. சூட்டில் உள்ளே எங்கோ கம்பி விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. அந்த வெயிலில் தனியாக நின்று சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் மதுரை போகும்வரைதான். “இந்த மாடலையே நிறுத்தியாச்சே” என்றார் உதிரிபாகக் கடைக்காரர். திருநெல்வேலியிலும் கிடைக்கவில்லை. வேறு வண்டியின் காயில் பொருந்தவில்லை. கம்பி விலகிய இடம் தெரிந்தால் பற்றவைத்துவிடலாம் என்று, காயிலை மூடியிருந்த கெட்டிப் பசையை பிளேடால் மெல்லச் சுரண்டினார். மயிரிழைபோன்ற கம்பி பசையோடு சேர்ந்து துண்டுதுண்டாக வந்தது. இனி ஆறினாலும் வண்டி ஓடாது.

அமிர்தவல்லி வந்தபோது அவர் எதையும் மறைக்கவில்லை.

“என்ன கோளாறுன்னு தெரிஞ்சிட்டு நர்சம்மா. ஆனா சரிபண்ண வழியில்ல. ஓடுன மட்டுக்கும் ஓடுனத நானே கெடுத்துட்டேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அமிர்தவல்லி பிரித்துப் போட்டிருந்த வண்டியைப் பார்த்தார்.

“விடுங்க அண்ணாச்சி. ஓடும் ஓடும்னு நம்பித்தான ஒவ்வொரு தடவையும் நடுரோட்டுல நின்னேன்.”

“கூமாப்பட்டிக்கு அங்கிட்டு, பிளவக்கல் அணைப் பக்கத்து ஊருகளுக்கு எப்படிப் போவீக?”

“கூமாப்பட்டி வரைக்கும் பஸ்ஸு. பொறவு நடதான்.”

தேவஇரக்கம் பஸ் நிலையம் வரை கூடவே போனார். அமிர்தவல்லி ஏறி உட்கார்ந்ததும் பஸ் கிளம்பியது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.