நிமிர்ந்து நின்ற கரடி

அமெரிக்காவின் மான்டானா மலையடிவாரத்தில் பசுக்கள் கன்று ஈனும் பருவம். ஊர்க்கூடத்துச் சுவரில், ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து வாயைப் பிளந்து நிற்கிறது ஒரு கிரிஸ்லி கரடி. வரைந்தவள் சிக்னி. கீழே 'பாயும் மரணம்' என்று பித்தளைத் தகடு அடித்தவர்கள் ஊர்க்காரர்கள். பெயர் வைக்கும்போது வரைந்தவளை ஒரு வார்த்தை கேட்பார்களா என்ன!

அன்று அங்கே கூட்டம். தாய்க்கரடி ஒன்று இரண்டு குட்டிகளோடு ஓடை வழியாக மேய்ச்சல் நிலத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய கரடியைச் சுடக்கூடாது என்பது சட்டம். எது ஆபத்து என்பதில்தான் வாக்குவாதம்.

"இதுல பேச என்ன இருக்கு? சுவத்துலயே மாட்டி வச்சிருக்கோமே! இப்படி எந்திரிச்சு நின்னுச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது," என்றான் சிக்னியின் பக்கத்துப் பண்ணைக்காரன் லாயிட்.

சிக்னிக்குப் பொறுக்கவில்லை. "அது பாயலப்பா. நான் நேர்ல பாத்து வரைஞ்ச கரடி அது. நான் யாருன்னு அதுக்குப் புரியல. மோப்பம் புடிக்க எந்திரிச்சுப் பாத்துச்சு, பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. பாயற கரடி நாலு கால்ல, தலையைத் தாழ்த்திக்கிட்டு வரும்."

"அப்போ அந்தப் பல்லு? சிரிக்குதுங்கறீங்களா?" என்றான் லாயிட்.

கூடமே சிரித்தது. படம் எடுப்பாக இருக்கட்டும் என்று பல்லில் வெள்ளையைக் கூட்டியது அவள் கைதான். இப்போது எந்த வாயால் மறுப்பாள்?

"அந்தத் தகட்டையாவது கழட்டுங்க," என்றாள்.

"கழட்டிடலாம், கழட்டிடலாம்," என்றபடி எல்லோரும் காபிக்கு நகர்ந்தார்கள்.

அடுத்த வாரம் லாயிட்டின் பிக்கப் வண்டி அவள் வாசலில் வந்து நின்றது. இறங்கியவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சிக்னி, புதருக்குள்ளேர்ந்து எந்திரிச்சு நின்னுச்சு. அப்படியே உங்க படம். சுட்டுட்டேன்."

"உன்னைப் பாத்து ஓடி வந்துச்சா?"

"இல்ல. நின்னுச்சு." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "வனவிலங்கு அதிகாரி வந்தாரு. எந்திரிச்சு நின்னுச்சுன்னு சொன்னேன். அப்போ சரின்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"குட்டிங்க?"

"மரத்து மேல ஏறிடுச்சுங்க. தாயைத் தூக்கிட்டுப் போயாச்சு. அதுங்க இறங்க மாட்டேங்குது, சிக்னி. என்ன பண்ணணும்னு உங்களுக்குத் தெரியுமேன்னு வந்தேன்."

அவளுக்குத் தெரியவில்லை.