குப்புற ஒட்டிய பக்கம்

ஐந்து தாள்கள் உரிந்து வந்துவிட்டன. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

சுதர்ஷினி ஈரத்துணியைப் பிழிந்து மறுபடி சுவரில் ஒற்றினாள். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு காம்பரா அது. குளிர் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய பேப்பரைக் கோதுமை மாப்பசையில் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார்கள்.

"பாத்து புள்ள, கிழிச்சிறாத" என்றாள் நல்லம்மா.

"கிழியாது பெரியம்மா. இத மட்டும் ஏன் குப்புற ஒட்டுனீங்க?"

"பின்ன? வீரய்யா கங்காணி ஆளுங்க லயம் லயமா புகுந்து இந்தப் பேப்பரத்தான் தேடுனானுங்க. வச்சிருந்தவன் மண்டையெல்லாம் ஒடஞ்சுச்சு. நான் சங்கதி போட்ட பக்கத்த சொவத்தப் பாக்கத் திருப்பி ஒட்டிட்டு, அதுக்கு மேல சினிமாப் பேப்பரா ஒட்டிட்டேன். வந்தவனுங்க நடிகையப் பாத்து இளிச்சிட்டுப் போயிட்டானுங்க."

பதுளையில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, யாரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுவது சுதர்ஷினியின் வேலை. 'ஊவா முழக்கம்' என்ற வார இதழில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை. 1979 ஓகஸ்டில் ஒரு வாரம் வந்த இதழ் அது. பதுளை பஸ் நிலையத்தில் கட்டுக்கட்டாகப் பறித்துக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்த வாரம்தான் நல்லம்மாவின் புருஷன் சிவனு செத்தான். கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் கையைக் கங்காணி வீரய்யா பிடித்து இழுத்தபோது தட்டிக் கேட்டான். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் வெட்டிச் சாய்க்கப்பட்டான். குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்தான் என்று பொலிஸ் எழுதிக்கொண்டது. வெட்டியவன் பேரைத் துணிந்து போட்டது இந்த ஒரு பத்திரிகைதான். நல்லம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் பேர் வெளியே வராமல் தான் கண்மூடக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

சுதர்ஷினி செய்த பிழையும் ஒன்று உண்டு. 'இந்த இதழ் யாரிடமாவது இருக்கிறதா?' என்று முகநூலில் கேட்டிருந்தாள். 'எங்க லயத்து நல்லம்மா வீட்டுச் சொவத்துல இருக்கும்' என்று யாரோ ஒரு புண்ணியவான் எல்லாரும் பார்க்கும்படி பதில் போட்டிருந்தான்.

ஒரே உதையில் கதவு பிய்ந்து உள்ளே விழுந்தது.

முதலில் நுழைந்தவன் கஜேந்திரன், வீரய்யாவின் மகன். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறான். 'தியாகி வீரய்யாவின் வாரிசு' என்று மதகுக்கு மதகு அவன் போஸ்டர்தான். பின்னால் இரண்டு தடியர்கள்.

"என்னா டீச்சரம்மா, சொவரு கழுவுறீங்களா? எங்க வீட்டுலயும் ரெண்டு சொவரு இருக்கு, வாறீங்களா?"

சுதர்ஷினி கைபேசியை உயர்த்தினாள். அவன் அறைந்த அறையில் அது எகிறிப் போய்த் தரையில் விழுந்தது. ஒரு தடியன் பூட்ஸ் குதிகாலால் அதை நசுக்கினான். எடுக்கப் பாய்ந்த அவள் கையும் அந்தக் குதிகாலுக்குள் சிக்கியது. சுள்ளி முறிவதுபோல் இரண்டு விரல்கள் முறிந்தன. அவள் அலறிய அலறலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அந்தப் புள்ளய விடுடா நாயே!" என்று பாய்ந்த நல்லம்மாவின் கழுத்தை மற்றவன் கதவு நிலையோடு அழுத்திப் பிடித்தான்.

கஜேந்திரன் சுவருக்கு வந்தான். நன்றாக ஊறியிருந்த தாள், இழுத்த இழுப்பில் முழுசாகக் கையோடு வந்தது. புரட்டிப் பார்த்தான். அப்பனின் பேரைக் கண்டதும் முகம் கறுத்தது. தாளைக் கசக்கி அடுப்புக்குள் திணித்தான். ஈரத்தாள் சீறியது, புகைந்தது, பிறகு எரிந்தது.

"கெழவி, இனி வாயத் தொறந்தா ஓன் புருஷன் விழுந்த பள்ளத்துலயே நீயும் கெடப்ப."

போகிற போக்கில் சுதர்ஷினியின் விலாவில் ஓர் உதை கொடுத்தான். ஜீப் உறுமிக்கொண்டு இறங்கியது.

வலியில் கடித்துக்கொண்ட உதட்டின் ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தலைநிமிர்ந்த சுதர்ஷினி அப்படியே உறைந்தாள்.

தாள் இருந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு. அதன்மேல் கரிப்புகை படிந்ததுபோல் சாம்பல் நிறக் கிறுக்கல், வரிவரியாக. நாற்பத்தாறு வருடம் முகம் பதித்துக் கிடந்த பக்கம், தன் மையைச் சுண்ணாம்பில் விட்டுப் போயிருந்தது. இடவலம் மாறிக் கிடந்ததால் கஜேந்திரனின் கண்ணுக்கு அது வெறும் அழுக்காகத் தெரிந்திருக்கிறது.

"பெரியம்மா... ஒரு போன் வேணும். சீக்கிரம்!"

சத்தம் கேட்டு ஓடிவந்திருந்த பக்கத்துக் காம்பரா இராக்கம்மா தன் கைபேசியை நீட்டினாள். சுதர்ஷினி இடது கையால் சுவரைப் படம் பிடித்தாள். படத்தை இடவலமாகத் திருப்பினாள். எழுத்துகள் நேராயின. பதுளையில் கூட வேலை செய்யும் நப்ரீஸுக்கு அனுப்பினாள்.

"உடனே ஏத்துங்க நப்ரீஸ் நானா. மத்த கதை பொறகு."

அதற்குள் நல்லம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "வாசி புள்ள."

"'வீரய்யா கங்காணி கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதைத் தொழிலாளர் பலர் நேரில் கண்டனர். சிவனுவின் உடலில் ஏழு வெட்டுகள்...'"

"ஏழில்ல, ஒம்போது. நான்தான கழுவுனேன்" என்றாள் நல்லம்மா.

எழுந்து போய், கூரைக் கைமரத்தில் செருகியிருந்த, தேயிலைச் செடி கழிக்கும் தன் கவ்வாத்துக் கத்தியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

பகல் சங்கு ஊதிய நேரம், ஜீப் திரும்பி வந்தது. கஜேந்திரனின் கைபேசிக்கும் படம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையில் அலவாங்குக் கடப்பாரையோடு குதித்தவன், சுதர்ஷினியைத் தலைமயிரைப் பிடித்து வாசலில் எறிந்துவிட்டு உள்ளே புகுந்தான். முதல் குத்தில் சுண்ணாம்பும் மண்ணும் பொலபொலவென்று கொட்டின. இரண்டாவது குத்துக்கு ஓங்கியபோது பிடரியில் சில்லென்று இரும்பு பட்டது. கழுத்தோரம் ரத்தம் வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது.

"அசைஞ்ச... தலை அடுப்புல கெடக்கும்" என்றாள் நல்லம்மா.

தடியர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கொழுந்துக் கூடையோடு லயத்துக்குத் திரும்பிய பெண்கள் நாற்பது பேர் அவர்களைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"வெட்டுங்க பெரியம்மா!" என்று சுதர்ஷினி கத்தினாள். கத்தியது தானா என்று அவளுக்கே திக்கென்றது.

நல்லம்மா கத்தியை இன்னும் ஒரு நூல் அழுத்தினாள்.

"வெட்ட எனக்கு ஒரு நிமிசம் போதும்டா. வெட்டுனா நாளைக்குப் பேப்பருல ஓங்கப்பன் பேரு போயி எம்பேரு வந்துரும். நாப்பத்தாறு வருசம் காத்துக் கெடந்தது அதுக்கில்ல."

கத்தியை எடுத்தாள்.

"அலவாங்கப் போட்டுட்டுப் போ. பொட்டைங்க நடுவுலதான் வழி. பாத்து நட."